பிள்ளைக்கு மனநல சிகிச்சை: யாரிடம் போவது, என்ன கேட்பது, வீட்டில் என்ன செய்வது

பொதுத்தேர்வு முடிவுகள் வரும் மே மாதத்தில் என் போன் ஓயாது. கூப்பிடும் பெற்றோர் பெரும்பாலும் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். "ஒரு சிட்டிங்குக்கு எவ்வளவு மேடம்?" "எத்தனை சிட்டிங்கில் சரியாகும்?" இரண்டும் நியாயமானவைதான். ஆனால் இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்றை அநேகமாக யாருமே கேட்பதில்லை: "என் பிள்ளையோடு உட்கார்ந்து நீங்கள் என்ன செய்வீர்கள்?"

நான் மதுரையில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். பேச்சு சிகிச்சை என்றாலே ஆறுதல் சொல்வது, புத்திமதி சொல்வது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இன்ன பிரச்சினைக்கு இன்ன முறை பலன் தருகிறது என்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்த சிகிச்சைகள் இருக்கின்றன. உங்கள் பிள்ளைக்கு அதுதான் கிடைக்க வேண்டும். கிடைக்கிறதா என்று கண்டுபிடிக்க நீங்கள் மனநலம் படித்திருக்கத் தேவையில்லை. என்ன பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

அவசரம் என்றால் முதலில் இதைப் படியுங்கள்

"செத்துடலாம் போல இருக்கு" என்று பிள்ளை சொல்லியிருந்தாலோ, எங்காவது எழுதி வைத்திருந்தாலோ, கையைக் கீறிக்கொண்ட தழும்பைப் பார்த்திருந்தாலோ, மற்றதெல்லாம் அப்புறம். பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "உசுரோட இருக்க வேண்டாம்னு தோணுதாப்பா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். விதைக்காது. ஏற்கெனவே மனசில் சுமந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு, அதை வெளியே சொல்ல ஒரு வழி கிடைக்கும். "ஆமா" என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், தனியாக விடாதீர்கள். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்து, எலிமருந்து, தாத்தா பாட்டியின் மாத்திரைகள் எல்லாவற்றையும் அன்றைக்கே வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள், முடியாவிட்டால் பூட்டி வையுங்கள். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும். 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், பணம் கிடையாது. தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104-உம் உண்டு. 18 வயதுக்குக் கீழே என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2017 மனநலச் சட்டப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்காகத் தண்டிக்க முடியாது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு இல்லவே இல்லை. ஆஸ்பத்திரியில் பதிவு செய்துகொள்வார்கள், அதற்குப் பயப்பட வேண்டாம். தயங்காமல் கூட்டிப் போங்கள்.

யார் யார், என்ன படித்தவர்கள்

போர்டில் 'மனநல நிபுணர்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது யாராகவும் இருக்கலாம். மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலத்தில் எம்.டி. அல்லது அதற்கு இணையான படிப்பு படித்தவர். மருந்து எழுத இவரால்தான் முடியும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் சைக்காலஜியில் முதுகலை முடித்து, பெரும்பாலும் இரண்டு வருட எம்.ஃபில்., அதுவும் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துப் பயிற்சி எடுத்தவர். இவர் மருந்து எழுத மாட்டார், எழுதவும் கூடாது. கவுன்சிலர் என்ற பெயரை எம்.எஸ்சி. படித்தவரும் வைத்துக்கொள்கிறார், வார இறுதியில் ஒரு சான்றிதழ் வகுப்புக்குப் போனவரும் வைத்துக்கொள்கிறார். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அது பி.எச்டி.யாக இருக்கலாம், வேறு பாடத்தில்கூட இருக்கலாம்.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகள் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், ஆர்.சி.ஐ. என்பார்கள், பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். முறையாகப் படித்தவர் யாரும் இதைக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். கவுன்சிலின் இணையதளத்தில் பதிவேடு பொதுவில் இருக்கிறது, எண்ணைப் போட்டுத் தேடலாம். அங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லாருக்கும் அதே கவுன்சில்தான் எண் கொடுக்கிறது. அதனால் 'ஆர்.சி.ஐ. பதிவு பெற்றவர்' என்ற வரி மட்டும் போதாது. எந்தப் பிரிவில் பதிவு, பதிவு காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதலில் யாரிடம் போவது என்பது பிள்ளையின் நிலையைப் பொறுத்தது. காதில் குரல் கேட்கிறது என்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்கிறது, நாள்கணக்கில் தூக்கமே இல்லை, சாப்பாட்டை ஒதுக்கி எடை சரசரவென்று இறங்குகிறது, உயிரை விடும் எண்ணம் இருக்கிறது என்றால் மனநல மருத்துவர்தான் முதலில். எதிலும் பிடிப்பில்லாமல் சோர்ந்து கிடக்கும் பெண் பிள்ளைக்குத் தைராய்டும் ரத்தசோகையும் பார்த்துவிடுவது நல்லது. பரீட்சை பயம், கூட்டத்தில் பேசப் பயம், திரும்பத் திரும்பக் கழுவுவது, பள்ளிக்கூடம் போக மறுப்பது, மிதமான மனச்சோர்வு இவற்றுக்கு நேராக சைக்காலஜிஸ்டிடம் வரலாம். தேவைப்பட்டால் அவரே மருத்துவரிடம் அனுப்புவார். அனுப்பத் தெரியாத சைக்காலஜிஸ்டை நான் நம்ப மாட்டேன்.

ஆதாரம் என்று எதைச் சொல்கிறோம்

2008-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வு எங்கள் துறையில் அநேகமாக எல்லாருக்கும் மனப்பாடம். பதற்ற நோயுள்ள 488 பிள்ளைகள், 7 முதல் 17 வயது. அவர்களைக் குலுக்கல் முறையில் நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு சிபிடி என்கிற அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (எண்ணத்தையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை), ஒரு குழுவுக்கு செர்ட்ரலின் மாத்திரை, ஒரு குழுவுக்கு இரண்டும், கடைசிக் குழுவுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. 12 வாரம் கழித்துப் பார்த்தால், நன்றாகத் தேறியவர்கள் வெற்று மாத்திரையில் சுமார் 24 சதவீதம், செர்ட்ரலினில் 55, சிபிடியில் 60, இரண்டும் சேர்ந்ததில் 81. இந்த மாதிரி ஒப்பிட்டுப் பார்த்து நிரூபித்ததைத்தான் ஆதாரம் என்கிறோம். 'எங்களிடம் வந்த எல்லாரும் குணமானார்கள்' என்று நோட்டீஸில் போடுவது ஆதாரம் ஆகாது.

இதையே மனச்சோர்வுக்குப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. 2004-இல் வெளிவந்த ஆய்வு, 12 முதல் 17 வயது வரை 439 பேர், மிதமானது முதல் கடுமையான மனச்சோர்வு வரை உள்ளவர்கள். அதே 12 வாரத்தில் சிபிடி மட்டும் எடுத்தவர்களில் 43 சதவீதம் தேறினார்கள். வெற்று மாத்திரையில் 35. ஃப்ளூஆக்ஸிடின் மருந்தில் 61, மருந்தும் சிபிடியும் சேர்ந்ததில் 71. "மருந்தே வேண்டாம் மேடம், பேசியே சரிபண்ணிடுங்க" என்று கேட்கும் பெற்றோரிடம் இந்த எண்களைத்தான் எடுத்துக் காட்டுவேன். பயத்துக்குப் பேச்சு சிகிச்சையில் ஆரம்பிக்கலாம். படுக்கையை விட்டு எழ முடியாத மனச்சோர்வில் மருந்தைத் தள்ளிப்போடுவது பிள்ளையின் நாட்களைத் தொலைப்பது. மருந்து ஆரம்பித்த முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் சிலருக்குக் கூடலாம் என்பதால் டாக்டர் அடிக்கடி வரச் சொல்வார். அந்த நாளைத் தவறவிடாதீர்கள், நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள்.

நம் நாட்டிலும் வேலை நடந்திருக்கிறது. கோவாவைச் சேர்ந்த சங்காத் என்ற அமைப்பு டெல்லி அரசுப் பள்ளிகளில், சைக்காலஜி பட்டம் இல்லாத இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மூன்று வாரத்தில் நாலைந்து முறை மட்டும் மாணவர்களோடு உட்கார வைத்தது. பிரச்சினையை எழுதுவது, வழிகளை யோசிப்பது, ஒன்றைச் செய்து பார்ப்பது, இவ்வளவுதான் முறை. பிள்ளைகள் தாங்களே சொன்ன பிரச்சினைகளின் பாரம், வெறும் புத்தகம் மட்டும் வாங்கிப் போனவர்களைவிட, குறைந்தது. மனநல அறிகுறிகளில் ஆறு வாரத்தில் அப்படித் தெளிவான வித்தியாசம் வரவில்லை. எனக்கு இது முக்கியமான பாடமாகப் படுகிறது. நண்பனோடு சண்டை, படிப்புத் திட்டம், வீட்டில் அப்பா அம்மா தகராறு போன்றவற்றுக்குப் பள்ளிக்கூடக் கவுன்சிலரே போதும், நல்ல உதவி. நோய் என்று ஆகிவிட்டால் அதற்குரிய சிகிச்சை வேண்டும்.

எதற்கு எது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், போனில் கேட்கும்போது உதவும். பயம், பதற்றம் என்றால் பயப்படும் விஷயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் சிபிடி. கழுவிக்கொண்டே இருப்பது, திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது என்றால் அந்தச் செயலைச் செய்யாமல் பதற்றத்தைத் தாங்கப் பழக்கும் முறை, எங்கள் பேச்சில் ஈ.ஆர்.பி. மனச்சோர்வுக்கு சிபிடி அல்லது உறவுகளை மையமாக வைத்த ஐ.பி.டி. கையைக் கீறிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு, உணர்ச்சியைக் கையாளக் கற்றுத்தரும் டி.பி.டி. சின்னப் பிள்ளைகளின் அடம், அடாவடிக்குப் பெற்றோருக்குத்தான் பயிற்சி, பிள்ளை உட்கார வேண்டியதே இல்லை. பாலியல் துன்புறுத்தல், விபத்து போன்ற அதிர்ச்சிக்கு அதற்கென்று அமைந்த சிபிடி உண்டு.

போனில் என்ன கேட்பது

பெரிய விசாரணை வேண்டாம். "இந்த வயசுப் பிள்ளைங்களை நிறையப் பார்ப்பீங்களா? இந்தப் பிரச்சினைக்கு என்ன முறை செய்வீங்க? பலன் இருக்கான்னு எப்படித் தெரியும்? எங்களுக்கு அதுல என்ன வேலை?" இந்த நாலும் போதும். "எல்லா முறையும் கலந்து செய்வோம், நீங்க கூட்டிட்டு வாங்க, பார்த்துக்கலாம்" என்ற பதில் எனக்குத் திருப்தி தராது. "முதல்ல ஒண்ணு ரெண்டு தடவை பார்த்து மதிப்பிடுவேன், பயம்தான்னு உறுதியானா சிபிடி, பத்துப் பன்னிரண்டு வாரம், நாலு வாரத்துக்கு ஒரு தடவை கேள்வித்தாள் கொடுத்து அளப்பேன்" என்று சொல்பவரிடம் தைரியமாகப் போங்கள். கட்டணத்தையும் இப்போதே கேட்டுவிடுங்கள், பாதியில் நிறுத்துவதைவிட அது மேல்.

பிள்ளையிடம் எப்படிச் சொல்வது

பொய் சொல்லிக் கூட்டி வராதீர்கள். கண் டாக்டர் என்றும், ஐக்யூ டெஸ்ட் என்றும், "அம்மாவுக்குத்தான் பார்க்கப் போறோம்" என்றும் சொல்லிக் கூட்டி வந்த பிள்ளைகள் என் அறையில் வாயே திறப்பதில்லை. அந்த ஏமாற்றத்தைச் சரிசெய்யவே இரண்டு வாரம் போய்விடும். "உனக்குக் கொஞ்ச நாளா தூக்கம் வரல, காலையில வயித்த வலிக்குது, நீ கஷ்டப்படுறது எங்களுக்குத் தெரியுது. இதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்க. ஒரு தடவை போய்ப் பேசிப் பார்ப்போம், பிடிக்கலைன்னா வேற ஆளைப் பார்ப்போம்" என்று சொல்லலாம். 'உனக்கு' என்பதில் குற்றச்சாட்டுத் தொனி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியப்பா, அத்தை, பக்கத்து வீடு என்று யாரிடமும் பிள்ளையின் அனுமதியில்லாமல் சொல்ல வேண்டாம். பெண் பிள்ளை என்றால் "வெளியில தெரிஞ்சா நாளைக்குக் கல்யாணம்" என்ற பேச்சு வீட்டில் வந்தே தீரும். 2017 சட்டப்படி சிகிச்சை விவரம் ரகசியம். பின்னால் சொல்லும் சில விதிவிலக்குகளைத் தவிர, நாங்கள் யாருக்கும் சொல்ல முடியாது. சொல்வது பெரும்பாலும் சொந்தக்காரர்கள்தான்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போகும் குடும்பம் என்றால் போங்கள். குணசீலத்தில் ஒரு மண்டலம் தங்கிவிட்டு வருபவர்களும், ஏர்வாடிக்கு நேர்ந்துகொண்டவர்களும் என்னிடம் வருகிறார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்னாலும், பிள்ளையைக் கட்டிப்போடச் சொன்னாலும், அடிக்கச் சொன்னாலும் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

முதல் நாள்

முதல் சந்திப்பில் நான் கொஞ்ச நேரம் எல்லாரையும் சேர்த்துப் பார்ப்பேன், அப்புறம் பிள்ளையைத் தனியாக, அப்புறம் பெற்றோரை. தனியாகப் பேசும்போது முதலில் சொல்வது ரகசியத்தின் எல்லைகளைத்தான். "நீ சொல்றது இங்கேயே இருக்கும். உன் உசுருக்கு ஆபத்து, அடுத்தவங்க உசுருக்கு ஆபத்து, யாராவது உன்னைப் பாலியல் ரீதியா தொந்தரவு பண்றாங்க, இந்த மூணை மட்டும் என்னால மறைக்க முடியாது." மூன்றாவது, சட்டமே விதிப்பது. 2012 போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அப்படி நடந்தது தெரிந்தால் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இதை முதலிலேயே சொல்லாமல், பிள்ளை மனம் திறந்து எல்லாம் சொன்ன பிறகு சொல்வது துரோகமாகிவிடும். இந்த எல்லைகளை விளக்காத சைக்காலஜிஸ்டிடம் நீங்களே கேளுங்கள்.

அன்றைக்கே ஒரு கேள்வித்தாளும் கொடுப்போம். மனச்சோர்வுக்கு அதிகம் புழங்குவது பி.எச்.கியூ.-9. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. தமிழிலும் இருக்கிறது. இந்த மார்க்கை வைத்து மட்டும் நோயென்று சொல்வதில்லை. ஆனால் இன்றைக்கு 17 இருந்தது ஒரு மாதம் கழித்து 11 ஆனதா, 17-லேயே நிற்கிறதா என்று தெரியும். பிள்ளையின் நோக்கத்தையும் அதன் வாயாலேயே எழுதிக்கொள்வோம். "மார்க் எடுக்கணும்" என்பது பெரும்பாலும் அப்பாவின் நோக்கம். "கேன்டீன்ல ஃபிரெண்ட்ஸோட உட்கார்ந்து சாப்பிடணும்" என்று ஒரு பெண் எழுதினால் சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்கும்.

சிகிச்சை நடக்கும்போது என்ன நடக்கிறது

ஒன்றைக் கிட்டத்தில் காட்டுகிறேன். பல பிள்ளைகளிடம் பார்த்ததைச் சேர்த்துச் சொல்கிறேன், எந்த ஒரு பிள்ளையின் கதையும் இல்லை. கதிர் என்று வைத்துக்கொள்வோம், பிளஸ் ஒன். திங்கட்கிழமை காலையானால் வயிற்று வலி, சில நாள் வாந்தி. ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் நார்மல். உண்மையில் பயம் ஆங்கில வகுப்பு. எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொல்வார்கள், குரல் நடுங்கும், எல்லாரும் சிரிப்பார்கள். லீவு போட்டால் வலி நின்றுவிடும். அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. இதை ஒரு தாளில் வட்டமாக வரைந்து காட்டினால் பதினாறு வயசுப் பையன் சட்டென்று பிடித்துக்கொள்வான். "அப்ப நான் நடிக்கலையா?" என்று கேட்பான். நடிக்கவில்லை. வலி நிஜம்.

அடுத்தது பயத்துக்கு ஏணி போடுவோம். 100-க்கு எவ்வளவு பயம் என்று அவனே மார்க் போடுவான். ஸ்டேஷனரி கடையில் பேனா விலை கேட்டுவிட்டு வாங்காமல் வருவது 20. டவுன் பஸ்ஸில் கண்டக்டரிடம் சத்தமாக "பெரியார் போகுமாண்ணே?" என்று, தெரிந்துகொண்டே கேட்பது 30. வருகைப்பதிவின்போது கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி "பிரசன்ட் மிஸ்" 45. இரண்டு நண்பர்கள் முன்னால் ஒரு பத்தி வாசிப்பது 60. மிஸ்ஸிடம் சந்தேகம் கேட்பது 75. வகுப்பில் வாசிப்பது 90. வாசிக்கும்போது வேண்டுமென்றே ஒரு வார்த்தையைத் தப்பாக உச்சரித்துவிட்டுத் தொடர்வது, அதுதான் 100. கடைசிப் படியைக் கேட்டதும் எல்லாரும் அதிர்வார்கள். தப்பு செய்தாலும் உலகம் இடிந்து விழவில்லை என்று கண்ணால் பார்க்காமல் இந்தப் பயம் வேரோடு போவதில்லை.

ஒவ்வொரு படிக்கும் முன்னால் என்ன நடக்கும் என்று நினைக்கிறான் என எழுத வேண்டும். பேனாக் கடைக்கு அவன் எழுதியது: 'குரல் நடுங்கும். கடைக்காரர் திட்டுவார். பக்கத்தில் நிற்பவர்கள் பார்ப்பார்கள்.' போய்விட்டு வந்து நடந்ததை எழுத வேண்டும்: 'குரல் நடுங்கிச்சு. அண்ணாச்சி தலையைத் தூக்காமலே நாப்பது ரூவான்னார். யாரும் பார்க்கல.' மூன்றில் ஒன்றுதான் நடந்தது, அதையும் யாரும் கண்டுகொள்ளவில்லை. பயத்தின் மார்க் எவ்வளவு இறங்கியது என்பதைவிட, அவன் எதிர்பார்த்த பயங்கரம் நடந்ததா என்பதற்கே இப்போது நாங்கள் அதிக கவனம் கொடுக்கிறோம். ஒரே படியை வேறு கடை, வேறு நேரம், வேறு ஆள் என்று மாற்றி மாற்றிச் செய்யச் சொல்வோம்.

எங்கள் பக்கம் கிணற்றில் நீச்சல் பழகும்போது இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி இறக்குவார்கள். குடுக்கையை எப்போதாவது அவிழ்த்தால்தான் நீச்சல். முகக்கவசத்தை இறக்காமல் பேசுவது, தண்ணி பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொள்வது, எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் போனைப் பார்ப்பது எல்லாம் அந்தக் குடுக்கைதான். மூச்சுப் பயிற்சிகூடச் சிலருக்கு அப்படி ஆகிவிடுகிறது. அதனால்தான், வாரா வாரம் ரிலாக்சேஷன் மட்டும் செய்து அனுப்பிக்கொண்டிருந்தால், எதிர்கொள்ளும் பயிற்சி எப்போது ஆரம்பிக்கும் என்று கேளுங்கள்.

இதில் அம்மாவின் வேலை என்ன? லீவு லெட்டர் எழுதுவதையும், கடையில் அவனுக்காகப் பேசுவதையும், "மிஸ்கிட்ட சொல்லி உன்னை எழுப்ப வேண்டாம்னு சொல்லிடுறேன்" என்பதையும் நிறுத்துவது. ஒரே நாளில் அல்ல, அவனிடம் சொல்லிவிட்டு, ஏணியின் படியோடு சேர்த்து. இது பெற்ற மனசுக்குக் கொடுமையாக இருக்கும். எனக்குத் தெரியும், அழுகிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இது நடக்காத வீடுகளில் என் அறையில் நடக்கும் நாற்பத்தைந்து நிமிடம் அதிகம் சாதிப்பதில்லை. கழுவிக்கொண்டே இருக்கும் பிள்ளை "கை சுத்தமாம்மா?" என்று இருபதாவது முறை கேட்கும்போதும் இதே கதைதான். "சுத்தம்தான் கண்ணு" என்பது அந்த நிமிடத்துக்கு மருந்து, நோய்க்குத் தீனி. "இது உன் நோய் கேட்கிற கேள்வி. நீ இந்தப் பதட்டத்தைத் தாங்கிடுவே, நான் கூட இருக்கேன்" என்று சொல்லப் பழக வேண்டும்.

மனச்சோர்வில் வீட்டுவேலை வேறு. "மனசு சரியானதும் செய்றேன்" என்று பிள்ளை காத்திருக்கும். நாங்கள் தலைகீழாகப் போவோம். ஐந்து நிமிடம் மொட்டை மாடி, ஒரு நண்பனுக்கு ஒரு மெசேஜ், குளித்துவிட்டுச் சட்டை மாற்றுவது. செய்த பிறகு மனசுக்கு எத்தனை மார்க் என்று எழுதுவது. எழுதும் தாளை நீங்கள் வாங்கிப் பார்க்காதீர்கள். "இன்னைக்கு என்ன பேசினீங்க?" என்று ஆட்டோவிலேயே ஆரம்பிக்கவும் வேண்டாம். "வழியில ஜிகர்தண்டா சாப்பிடலாமா?" என்று கேளுங்கள், போதும்.

பலன் இருக்கிறதா, எப்போது விலகுவது

நாலு முதல் ஆறு சந்திப்புக்குள் ஏதாவது அசைவு தெரிய வேண்டும். முழுக் குணம் இல்லை, அசைவு. கேள்வித்தாள் மார்க், பள்ளிக்குப் போன நாட்கள், எழுந்த நேரம், இப்படி எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்றில். எதிர்கொள்ளும் பயிற்சி தொடங்கும் வாரங்களில் பயம் கொஞ்சம் கூடும், அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். எட்டு, பத்து வாரமாகியும் எதுவும் மாறவில்லையென்றால் நேரடியாகக் கேளுங்கள்: நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்தோமா, மருந்து சேர்க்க வேண்டுமா, வேறு ஒருவரைப் பார்க்கலாமா? மேலே சொன்ன பதற்ற நோய் ஆய்விலேயே சிபிடி மட்டும் எடுத்தவர்களில் பத்தில் நாலு பேருக்கு 12 வாரத்தில் போதிய பலன் வரவில்லை. அது பிள்ளையின் தோல்வி இல்லை, உங்களுடையதும் இல்லை. அடுத்த படிக்குப் போக வேண்டும் என்ற தகவல்.

சில இடங்களிலிருந்து முதல் நாளே எழுந்து வந்துவிடலாம். ஒரே சிட்டிங்கில் குணம், நூறு சதவீதம் உத்தரவாதம் என்பவர்கள். விரல் ரேகையை ஸ்கேன் செய்து பிள்ளையின் மனசையும் மூளையையும் சொல்கிறோம் என்பவர்கள். பிள்ளை தனியாகச் சொன்னதை அப்படியே உங்களிடம் ஒப்பிப்பவர்கள். அன்றைக்கு உங்களுக்கு நிம்மதியாக இருக்கும், அதோடு பிள்ளை யாரையும் நம்பாது. ஓரின ஈர்ப்புள்ள பிள்ளையை 'மாற்றித் தருகிறேன்' என்பவர்களிடமிருந்து இன்னும் வேகமாக விலகுங்கள். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட முயற்சிகளைத் தடை செய்யச் சொன்னது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அதை மருத்துவர்களின் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. அந்தப் பிள்ளைக்கு நோயில்லை. வீட்டுக்குத்தான் பழக நேரம் தேவைப்படும், அதற்கு உதவி கேட்டு எங்களிடம் வரலாம்.

பணம் இல்லையென்றால்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, வெளிநோயாளிகளுக்கு இலவசம். மதுரையில் ராஜாஜி மருத்துவமனை, சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம். மாவட்ட மனநலத் திட்டக் குழு தாலுகா மருத்துவமனைகளுக்கும் வரும், என்றைக்கு வருகிறார்கள் என்று அங்கே ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் கேட்டால் சொல்வார்கள். கொஞ்சம் சிக்கலான நிலை என்றால் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மையத்திலும் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கென்றே தனிப் பிரிவுகள் இருக்கின்றன. மருத்துவக் காப்பீடு இருந்தால் பாலிசியைப் பாருங்கள். உடல் நோய்க்குத் தரும் அதே அளவில் மனநோய்க்கும் தர வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் கொடுக்கும், வாராந்தரப் பேச்சு சிகிச்சைக்குக் கிடைப்பது அபூர்வம்.

அரசு மருத்துவமனையில் கூட்டம் அதிகம், மருத்துவர் உங்களோடு இருக்கும் நேரம் குறைவு. அதனால் தயாராகப் போங்கள். எப்போதிலிருந்து, என்ன மாறியது, தூக்கம், சாப்பாடு, பள்ளிக்குப் போகாத நாட்கள், குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா, இப்போது எடுக்கும் மாத்திரைகள், எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளை ஒரு ஃபைலில் போடுங்கள். காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். மருந்து எழுதி முடித்ததும் "இங்கே சைக்காலஜிஸ்ட் இருக்காங்களா, சிபிடிக்கு அனுப்ப முடியுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பல பிரிவுகளில் இருக்கிறார்கள், கேட்பவர்களை அனுப்பி வைப்பார்கள்.